பெருந்தொற்றுக்குப் பிந்தைய தமிழ்நாட்டுப் பொதுக்கல்வி: இழப்பும் மீட்பும்

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பெற்ற தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பெற்றன. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையைக் காணாமலே இரண்டாம் வகுப்பை எட்டியிருந்தது. இக்காலத்தை வெறும் 'கற்றல் இழப்பு' எனக் கொள்வது போதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

திரையின் எல்லை

2019இல் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி, திறன்பேசி இல்லாத வீடுகளுக்கும் பாடங்களைக் கொண்டு சென்றது. எனினும் அது ஒருவழி ஊடகம். எழுத்துக்கூட்டித் தடுமாறும் குழந்தையின் குரலை அது கேட்க இயலாது. தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியரின் அண்மையே அடிப்படை என்பதை இப்பட்டறிவு உறுதிப்படுத்தியது.

பள்ளியும் உணவும்

1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956இல் விரிவுற்று, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. பள்ளிகள் மூடப்பட்டபோது சமைத்த உணவுக்கு ஈடாக உலர் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. பள்ளியை மூடுவது பாடத்தை மட்டும் நிறுத்துவதன்று என்பதை இது உணர்த்தியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இம்மரபின் நீட்சியாகும்.

இல்லத்திலிருந்து வகுப்பறைக்கு

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி', உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகளை நடத்தியது. அரசின் கடமை தன்னார்வலர் தொண்டாகச் சுருங்குமோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2022 சூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அடிப்படைத் திறன் பயிற்சியை ஆசிரியரின் அன்றாடப் பணியாக்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான மாணவர்களைக் கற்றல்நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது. வயதுக்கேற்ற வகுப்பு என்னும் நெடுங்கால வழக்கத்திலிருந்து இது குறிப்பிடத்தக்க விலகலாகும்.

மீட்பின் அளவுகோல்

இந்திய ஊரகப் பகுதிகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்ல மூன்றாம் வகுப்பு மாணவர்கள் 2018இல் 27.3 விழுக்காட்டினர், 2022இல் 20.5 விழுக்காட்டினர் என ஏசர் அறிக்கை தெரிவிக்கிறது. சரிவு உண்மையே. ஆயினும் பெருந்தொற்றுக்கு முன்பே நால்வருள் ஏறத்தாழ மூவர் அத்திறனை எட்டவில்லை என்பதையும் இதே தரவு காட்டுகிறது. எனவே பழைய நிலைக்குத் திரும்புவதை மீட்பு எனக் கொள்ள இயலாது.

முடிவுரை

பெருந்தொற்று புதிய குறையை உண்டாக்கியது. அதனினும் மேலாக, பழைய குறையை மறைக்கவியலாததாக்கியது. நெருக்கடிக்கால ஏற்பாடுகள் நிலைத்த ஆசிரியர் பணியிடங்களுக்கு மாற்றாகிவிடாமல், அவை தந்த படிப்பினைகள் வகுப்பறை நடைமுறையாக நிலைபெறுவதே இனிவரும் கல்விக் கொள்கையின் உரைகல்லாக அமையும்.