புல்லட் ஹெட்: ஒரிஜினலும் டூப்ளிகேட்டும்

போன வாரம் ஊருக்கு, அச்சன்புதூருக்குப் போயிருந்தேன். பெரியப்பாவோட பழைய 350 புல்லட் ஒர்க்‌ஷாப்புல ஹெட் கழற்றிக் கிடந்தது. வால்வு வந்து உட்காருற இரும்பு வளையம், அதான் 'சீட்', ஹெட்டை விட்டே கழன்று வந்திருந்தது. புளியரை எஸ் வளைவு ஏறும்போது நடந்ததாம். "அண்ணாச்சி, போன தடவ போட்டது டூப்ளிகேட் ஹெட்டுல்லா"ன்னார் மெக்கானிக். பெரியப்பா வாயே திறக்கல. பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு வாங்கினதே அவர்தான்.

இந்த டூப்ளிகேட்டோட கதை 1955-ல தொடங்குது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்த வருஷம் அது. திருவொற்றியூர்ல முதல்ல பாகங்களை இறக்குமதி பண்ணிப் பூட்டினார்கள். கொஞ்ச வருஷத்துல எல்லாமே இங்கேயே தயாரானது. 1967-ல ரெட்டிச் ஆலையை மூடிட்டாங்க. நம்ம ஊர்ல அதே 346 சிசி இன்ஜின், அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், சின்னச் சின்ன மாற்றங்களோட 2000-களின் கடைசி வரைக்கும் ஓடிச்சு. ஐம்பது வருஷம் மாறாத ஏபிஐ மாதிரி. அப்போ வெளியாளுங்க அதுக்குப் பொருத்தமா பாகம் செய்யாம இருப்பாங்களா?

அமெரிக்காவிலயும் இதே கதைதான். செவர்லேயோட 'ஸ்மால் பிளாக்' வி8 இன்ஜினும் 1955-ல வந்ததுதான். அதன் ஹெட் வார்ப்பிரும்பு. அதைக் கழற்றிட்டு அலுமினிய ஹெட் போட்டா எடை நல்லாக் குறையும், சூடும் சீக்கிரம் வெளியேறும். எடெல்பிராக் மாதிரி பேரெடுத்த கம்பெனிகள் ஒரு பக்கம், விலை மலிவான இறக்குமதி ஹெட்கள் இன்னொரு பக்கம். அங்கேயும் பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னைக்கும் தீராத சண்டை இது.

'காஸ்ட் அயர்ன் புல்லட்'னு நாம சொல்றோமே, அதுல சிலிண்டர்தான் வார்ப்பிரும்பு. ஹெட் அலுமினியம். பலருக்கு இது தெரியாது.

சரி, சீட் ஏன் கழன்றது? சூடானா அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால சீட்டை அதன் குழியைவிட ஒரு துளி பெரிசா கடைஞ்சு, ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவச்சு இறக்கணும். அந்த இறுக்கத்தோட அளவு சரியா இருந்தா இன்ஜின் எவ்வளவு கொதிச்சாலும் பிடி விடாது. மலிவு ஹெட்ல கை வைக்கிறது இங்கேதான். வார்ப்பு பார்க்க அச்சு அசலா இருக்கும். கடைசல்ல நேரம் மிச்சம் பிடிச்சிருப்பாங்க. மலை ஏறும்போது வண்டி மெதுவாப் போகுது, காத்துல குளிர வேண்டிய இன்ஜினுக்குக் காத்தே பத்தல. குழி விரிஞ்சது, வளையம் விட்டுப்போச்சு.

எல்லா மலிவு ஹெட்டும் குப்பைன்னு நான் சொல்லமாட்டேன். வார்ப்புல ஓட்டை, புழைகள் இல்லாம இருந்தா, நல்ல லேத்துல சீட்டையும் வால்வு கைடையும் புதுசா இறக்கி ஓட்டலாம். அமெரிக்காவிலயும் அப்படிச் செய்றவங்க உண்டு. ஆனா அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தா மிச்சம் பிடிச்ச காசு எங்கே போச்சுன்னு தேடணும்.

பெரியப்பாகிட்ட, "பழைய ஹெட்டை எதுக்கு மாத்துனீங்க?"ன்னு கேட்டேன். பிளக் மரை தேஞ்சு போச்சாம், அவ்வளவுதான். பரண்ல சாக்குல கட்டி வச்சிருந்தார், திருவொற்றியூர் ஹெட். லேத்துக்காரர் புஷ் போட்டு மரை வெட்டித் தர நாலு நாள் கேட்டிருக்கார்.