வெளிநாட்டில் தங்கக் காசு வாங்கலாமா? இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க!

டூர் போன இடத்தில் தங்கக் கடையைப் பார்த்ததும், 'ஒரு காசு வாங்கிட்டு வந்துடலாமா'ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. ஆசியாவில் நாட்டுக்கு நாடு தங்கத்தின் எடையும் தரமும் மாறும். அங்கே மதிப்பாக விற்பது இங்கேயும் அப்படியே விலைபோகும் என்று நினைக்க வேண்டாம்.

எங்கே, எது?

* தாய்லாந்து: காசைவிட கட்டிக்கும் சங்கிலிக்கும்தான் மவுசு. தரம் 96.5%. 'பாட்' என்பது அங்கே பணம் மட்டுமல்ல, எடையும்கூட. ஒரு பாட் கட்டி 15.244 கிராம்.

* சீனா: 1982 முதல் பாண்டா காசு வெளியாகிறது. தரம் 99.9%. 2016-லிருந்து அவுன்ஸுக்குப் பதில் கிராம் கணக்கு.

* துருக்கி: கல்யாணத்தில் மணமக்களுக்கு 22 கேரட் 'கால் தங்கம்' குத்திவிடுவார்கள். எடை சுமார் 1.75 கிராம்.

* ஈரான்: மணமகளுக்கான மஹரையே காசு எண்ணிக்கையில் பேசுவதுண்டு. 'பஹார் ஆசாதி' காசு சுமார் 8.13 கிராம், தரம் 90%.

* நம்ம ஊர்: பவுன் என்றால் 8 கிராம். 7.98 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் சவரன் காசிலிருந்து வந்த கணக்கு இது.

விலையை யார் சொல்கிறார்கள்?

தாய்லாந்தில் தங்க வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் விலையைத்தான் கடைகள் பின்பற்றுகின்றன. ஹாங்காங்கில் 1910-ல் தொடங்கிய தங்கம், வெள்ளி பரிவர்த்தனைச் சங்கத்திலும், 2002-ல் திறந்த ஷாங்காய் தங்கச் சந்தையிலும் உறுப்பினர்கள்தான் நேரடியாக வியாபாரம் செய்ய முடியும். அதனால் அங்கே வாங்கும்போது, கடைக்காரர் உள்ளூர் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். தரத்தில் தகராறு வந்தால், முறையிட ஓர் இடமாவது இருக்கும்.

வாங்கும்முன்...

* வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கித் திரும்புபவர்களுக்கு சுங்க வரிச் சலுகை நகைக்கு மட்டும்தான். காசுக்கும் கட்டிக்கும் கிடையாது. மறைத்துக் கொண்டுவந்து மாட்டினால் பறிமுதல்தான்.

* இந்தியாவில் வங்கிகள் காசை விற்றாலும் திரும்ப வாங்குவதில்லை. நகைக்கடையில்தான் மாற்ற வேண்டும். அதனால் திரும்ப எடுக்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

* இங்கே வாங்கினால் 3% ஜி.எஸ்.டி-யும் செய்கூலியும் சேரும். விற்கும்போது அவை திரும்ப வராது.

* நகை செய்யத்தான் சேமிக்கிறீர்களா? சின்னச் சின்ன காசுகளாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் செய்கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பில்லையும் சீல் உடைக்காத கவரையும் பத்திரமாக வையுங்கள். அவசரத்துக்கு விற்கப்போகும் அன்று அதன் அருமை தெரியும்!