ஜியோகேச்சிங்: வரலாறும் நெறிமுறைகளும்

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்து வைத்த சிறு பெட்டியை, ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் இடமறி கருவியின் துணையோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் திறந்தவெளிப் பொழுதுபோக்கு ஆகும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியுடன் தொடங்கிய இதில், இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. பரிசோ போட்டியோ இல்லாத இந்த விளையாட்டுக்கு நடுவர் கிடையாது. பங்கேற்பவர்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் நெறிமுறைகளே இதைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்த பின் உருவானவை. பெட்டி பிறர் கண்ணில் படக்கூடாது, ஆனால் நிலத்துக்கு உரியவருக்குத் தெரியாமல் இருக்கவும் கூடாது என்பதே அவற்றின் மையக் கருத்து. வடமதுரை போன்ற திண்டுக்கல் சமவெளி ஊர்களில் இதை விளையாட விரும்புவோருக்கும் அந்த வரலாறு பொருந்தும்.

முன்னோடிகள்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்னும் எளிதில் சென்றடைய முடியாத சதுப்பிடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச் சென்றனர். இதிலிருந்து 'லெட்டர்பாக்சிங்' என்ற பொழுதுபோக்கு வளர்ந்தது. குறிப்புகளைப் படித்துப் பெட்டியைத் தேடுவதும், அதிலுள்ள ஏட்டில் முத்திரை பதிப்பதும் அதன் முறை.

குறித்த புள்ளியை நிலத்தில் தேடி அடையும் வேலைக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு பழைய வரலாறு உண்டு. வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னர் 'மாபெரும் முக்கோணவியல் அளவை' என்று பெயர் பெற்ற பணி இதிலிருந்து வளர்ந்தது. இதன் முதுகெலும்பான 'பெரும் வில்', 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டிக் குமரி முனையிலிருந்து இமயம் நோக்கிச் சென்றது. வடமதுரையும் திண்டுக்கல்லும் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் அமைந்த ஊர்கள்.

அளவையாளர்கள் குன்றின் உச்சியை நாடினர். குன்று இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்களே உயரமான இடங்களாக இருந்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மீது ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்ப்டன் அதைத் தம் கையாலேயே பல வாரங்கள் உழைத்துச் சீராக்கினார். அளவைக்குறிகளை யாரும் பெயர்க்கக்கூடாது என்ற விதி அன்று முதல் இன்றுவரை தொடர்கிறது. தமிழ்நாட்டில் 1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டம், நில அளவைக் கல்லைச் சேதப்படுத்துவதற்குத் தண்டம் விதிக்கிறது.

தோற்றம்

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் அமைப்பு. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிகையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்ததால் இடம் சுமார் 100 மீட்டர் வரை தவறாகக் காட்டப்பட்டது. அதிபர் பில் கிளிண்டனின் உத்தரவுப்படி 2000 மே 1 நள்ளிரவில் இந்தப் பிழையூட்டல் நிறுத்தப்பட்டது. பழைய கருவிகளே மறுநாள் முதல் பத்து, இருபது மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடம் காட்டின.

அடுத்த நாள், மே 3 அன்று, டேவ் உல்மர் என்ற கணினித்துறையினர் போர்ட்லாந்து நகருக்கு அருகே பீவர்கிரீக் என்னும் ஊரை ஒட்டிய காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். வாளியில் ஒரு குறிப்பேடு, எழுதுகோல், சில நூல்கள், நிகழ்படங்கள், ஒரு கவண், ஒரு டப்பா அவரை முதலியன இருந்தன. எதையேனும் எடுத்துக்கொண்டு எதையேனும் வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்பதே அவர் சொன்ன ஒரே விதி. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் முதலில் அதைக் கண்டுபிடித்தார். பிறர் ஒளித்து வைத்த பெட்டிகளின் பட்டியலையும் அவரே தொகுக்கத் தொடங்கினார்.

முதலில் இது 'ஸ்டாஷ்' வேட்டை என்று அழைக்கப்பட்டது. அச்சொல்லுக்குக் கள்ளத்தனமாகப் பதுக்கியது என்ற சாயல் இருந்ததால், அதே மே மாத இறுதியில் மாட் ஸ்டம் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். 'ஜியோ' என்பது புவியையும், 'கேச்' என்பது பயணிகள் பிற்காலத் தேவைக்கு மறைத்து வைக்கும் பொருளையும் குறிக்கும். 2000 செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ், அப்போது அறியப்பட்டிருந்த 75 பெட்டிகளுடன் இதற்கெனத் தனி வலைத்தளத்தைத் தொடங்கினார். உல்மர் முதல் வாளியை வைத்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை உள்ளது.

விளையாடும் முறை

பெட்டியை வைப்பவர் அதன் ஆயத்தொலைவுகள், சிறு குறிப்பு, இரு மதிப்பெண்கள் ஆகியவற்றை வெளியிடுவார். ஒரு மதிப்பெண் தேடுவதன் கடினத்தையும் மற்றொன்று நடைவழியின் கடினத்தையும் 1 முதல் 5 வரை காட்டும். தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பெட்டி பட்டியலில் சேரும். இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் தொலைவு இருக்க வேண்டும்.

தேடுபவர் கைப்பேசியுடன் அந்த இடத்தை அடைகிறார். கருவி சில மீட்டர் தொலைவுவரைதான் கொண்டு சேர்க்கும். மீதியைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். வேலிக்கல்லின் பின்புறம், வேர்ப்பொந்து, பாலத்தின் கைப்பிடி அடி என்று பெட்டி எங்கும் இருக்கலாம். அது விரல்நுனி அளவுக் குப்பியாகவும் இருக்கலாம், சாப்பாட்டு டப்பா அளவாகவும் இருக்கலாம். கண்டவர் உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் நாளும் எழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு, பின்னர் இணையத்திலும் பதிவு செய்கிறார். பெட்டிவிட்டுப் பெட்டி பயணம் செய்யும் எண்ணிட்ட வில்லைகளும் உண்டு. 2008இல் விண்வெளிப் பயணி ரிச்சர்ட் கேரியட் அத்தகைய ஒன்றைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார்.

நெறிமுறைகள் உருவான விதம்

உல்மரின் 'எடு, வை' என்ற விதி, எடுத்ததற்குச் சமமான அல்லது கூடுதலான மதிப்புள்ளதை வை என்று விரிந்தது. முதல் வாளியில் இருந்த அவரை டப்பாவுக்கு மாறாக, உணவுப் பொருள் வைப்பது பின்னர் தடை செய்யப்பட்டது. மணம் விலங்குகளை ஈர்க்கும், அவை பெட்டியைக் கடித்துச் சிதைக்கும் என்பதே காரணம். கத்தி, வெடிபொருள், மது ஆகியவற்றுக்கும் தடை உண்டு.

பெட்டியைப் புதைக்க மண்ணைத் தோண்டக்கூடாது என்பது அடுத்த முக்கிய விதி. வேரும் தொல்லெச்சமும் சிதையும் என்ற நில நிர்வாகிகளின் அச்சத்திலிருந்து இது பிறந்தது. குறிப்பாக, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பொருளை விட்டுச் செல்வதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அதன் விளைவாக, 2004இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் முயற்சியால் 'எர்த்கேச்' வகை தோன்றியது. இதில் பெட்டியே இல்லை. பாறை, அருவி, மண்ணடுக்கு போன்ற ஓர் இயற்கை அமைப்பைச் சென்று பார்த்து, அதைப் பற்றிய கேள்விகளுக்கு விடை அனுப்புவதே கண்டுபிடிப்பாகும். நடைவழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வரும் கூட்டுப்பணி நாட்களும் 2002 முதல் நடைபெறுகின்றன.

மூன்றாவது சிக்கல் பொதுமக்களின் ஐயம். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரத் தெருவில் ஒருவர் பூந்தொட்டியின் அடியில் எதையோ வைப்பதைக் கண்டவர்கள் காவல்துறைக்குத் தகவல் தந்தனர். சாலை மூடப்பட்டது. ராணுவ வல்லுநர்கள் பெட்டியை வெடிக்கச் செய்த பின்னரே அது விளையாட்டுப் பொருள் என்று தெரிந்தது. பெட்டியின் வெளிப்புறத்தில் அது என்னவென்று தெளிவாக எழுதுதல், இயன்றவரை உள்ளே தெரியும் கலத்தைப் பயன்படுத்தல், பள்ளி, ரயில் நிலையம், அரசு அலுவலகம் ஆகியவற்றைத் தவிர்த்தல் போன்ற அறிவுரைகள் இத்தகைய நிகழ்வுகளால் வலுப்பெற்றன.

ஆர்வலர்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் மரியாதைகளும் உள்ளன. விடையை இணையப் பதிவில் உடைப்பதில்லை. கண்டுபிடிக்காதபோது கண்டதாக எழுதுவதில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்று நேர்மையாகப் பதிவதும் பயனுள்ளதே, பெட்டி தொலைந்திருக்கலாம் என்பதை உரியவர் அதன் மூலமே அறிவார். குழுவாகச் செல்லும்போது முதலில் கண்டவர் கூச்சலிடாமல் ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கும் தேடும் மகிழ்ச்சியை விட்டுத் தருவார். ஏடு நனைந்திருந்தால் கையிலுள்ள உலர்ந்த தாளை வைத்துவிட்டு உரியவருக்குத் தெரிவிப்பர். பெட்டியை வைத்தவருக்கும் கடமை உண்டு. அடிக்கடி சென்று பார்த்துப் பராமரிக்க முடியாத தொலைவில், சுற்றுலா போன இடத்தில், பெட்டி வைப்பது ஏற்கப்படுவதில்லை.

இந்தியச் சட்டங்களும் சூழலும்

நிலப்படம் தொடர்பான கட்டுப்பாடுகளை 2021 பிப்ரவரியில் இந்திய அரசு பெருமளவு தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை அறிவிக்கப்பட்டது. கைப்பேசியில் இடமறிதல் அன்றாட வழக்கமாகிவிட்டது. எனினும், செயற்கைக்கோள் வழியாகப் பேசவோ செய்தி அனுப்பவோ உதவும் கருவிகளை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு நடையாளர்கள் சாதாரணமாக எடுத்துச் செல்லும் சில கருவிகள் இதில் அடங்கும்.

தமிழ்ச் சூழலில் 'புதையல்' என்ற சொல்லுக்கே தனிக் கனம் உண்டு. பழைய மண்டபத்திலும் நடுகல்லின் அடியிலும் பொன் இருக்கிறது என்ற நம்பிக்கையால் தோண்டப்பட்டுச் சிதைந்த தொல்லிடங்கள் பல. இந்தியப் புதையல் சட்டம் 1878, மண்ணில் மறைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எனவே இவ்விளையாட்டை 'புதையல் வேட்டை' என்று ஊரில் அறிமுகப்படுத்துவது தவறான ஆட்களையும் தவறான ஐயத்தையும் ஒருசேர வரவழைக்கும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் பொருளை மறைத்து வைப்பதும், கல்வெட்டிலோ பாறை ஓவியத்திலோ கை வைப்பதும், சுண்ணத்தால் எழுதிப் பார்ப்பதும் கூடவே கூடாது. திண்டுக்கல் மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

வடமதுரை வட்டாரம்

திண்டுக்கல்–திருச்சி சாலையிலும் ரயில் பாதையிலும் அமைந்த வடமதுரை, சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் அறியப்படும் பேரூராட்சி. அதன் வடகிழக்கே, வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற அய்யலூர் உள்ளது. சந்தை, ரயில் நிலையம், கோயில் வாசல் ஆகியவை ஆள் நடமாட்டம் மிக்க இடங்கள். வெதர்பியில் நேர்ந்தது இங்கும் நேரக்கூடும் என்பதால் அவை பெட்டிக்கு ஏற்றவை அல்ல.

ஊருக்கு வெளியே உள்ள குன்றுகளும் முட்புதர்க் காடுகளும் தேடுபவரை ஈர்க்கக்கூடியவை. ஆனால் அவை தேவாங்குகளின் வாழிடம். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களின் பகுதிகள் இதில் அடங்கும். தேவாங்கு இரவில் இயங்கும், பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவும் சிறு விலங்கு. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அதன் பெரிய கண்கள் ஒளியால் எளிதில் கூசும். பிற நாடுகளில் விரும்பி விளையாடப்படும் இரவுநேரத் தேடல், மரப்பொந்தைக் கைவிளக்கால் துழாவுதல் ஆகியவை இங்கு அதற்கு நேரடித் தீங்காகும். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும் தேவை.

எனவே இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமானது, உரிமையாளரின் ஒப்புதலுடன் தோப்பு, வரப்போரம், தனியார் வளாகம் ஆகியவற்றில் வைக்கும் பெட்டியோ, எதையும் வைக்காத எர்த்கேச் முறையோ ஆகும். புளியமரத்தடியில் குனிந்து தேடும் அயலாரைப் பார்த்து ஊர்க்காரர் 'என்ன தேடுறீங்க?' என்று கேட்பது இயல்பு. அங்கு மறைக்காமல் விளக்குவதும், ஆடு மேய்ப்பவரிடமும் தோட்டக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் பெட்டியைக் காக்கும் சிறந்த வழிகள். வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்கும் இறுக்கமான மூடியும், பாம்பு, தேள் உள்ள இடங்களில் கையை நுழைக்கும் முன் குச்சியால் தட்டிப் பார்ப்பதும் தேவை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி அண்டை மாவட்டத்திலேயே உள்ளது. யானைமலையைக் காக்கும் முனைப்பின் தொடர்ச்சியாக 2010இல் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை', மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் மக்களைக் கூட்டமாக நடத்திச் சென்றது. தொல்லியலாளர் சொ. சாந்தலிங்கம் அங்கு விளக்கமளித்தார். ஓரிடத்தைத் தேடிச் சென்று, பார்த்து, அதை இருந்தபடியே விட்டுவரும் பழக்கம் அந்நடைகளால் பலருக்கு அறிமுகமாயிற்று. கற்குவாரிகளால் குன்றுகள் மறைந்துவரும் பகுதியில், ஓர் இடத்தை அறிந்தவர்கள் பலராக இருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்பதையும் அவை காட்டின. நெறியோடு விளையாடப்படும் ஜியோகேச்சிங்கும் அதே பயனைத் தரக்கூடியது.