பதினொரு உறுப்பினரும் ஒரு பவுண் வாடகையும்

பிரித்தானிய அரசியல் எண்டு கதைக்க வெளிக்கிட்டால் நாங்கள் நேராகப் பாராளுமன்றத்துக்குத்தான் போய் நிற்பம். சேர்ச்சில், தட்சர், பிரெக்சிட் எண்டு கதை ஓடும். குப்பை அள்ளுகிற, வீடு கட்டிக் கொடுக்கிற சபைகளை ஆரும் கவனிக்கிறதில்லை. ஆனால் 1972இல் இங்கிலாந்தின் ஒரு சின்னஞ்சிறு சபை, பாராளுமன்றம் போட்ட சட்டத்துக்கே 'மாட்டம்' எண்டு சொன்னது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போறம்.

ஊரின் பெயர் கிளே குரொஸ். டார்பிஷயரில் இருக்கிற நிலக்கரி ஊர். 1830களில் ஜோர்ஜ் ஸ்டீபன்சன் ரயில் பாதைக்குச் சுரங்கம் வெட்டேக்க நிலக்கரி அகப்பட்டது, அதைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. அந்த ஊரை நடத்தியது நகர மாவட்ட சபை. எங்கட நகரசபைகளும் பிரித்தானியர் வார்த்த அதே அச்சில் வந்தவை என்பதால் இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

சபையில் 11 ஆசனங்கள். 1972இல் பதினொன்றும் தொழிற்கட்சியிடம் இருந்தன. பொல்சோவர் தொகுதி எம்.பி. டெனிஸ் ஸ்கின்னர் முன்னர் இதே சபையில் இருந்தவர். அவருடைய தம்பிமார் இரண்டு பேர் இப்போது அந்தப் பதினொரு பேருக்குள் இருந்தார்கள். பழுதான வீடுகளை இடித்துப் புது வீடு கட்டுவதும், வாடகையைக் குறைவாக வைத்திருப்பதும்தான் இவர்களின் கொள்கை. 1971இல் கல்வி அமைச்சராக இருந்த மார்கிரட் தட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்தினார். கிளே குரொஸ் சபையோ பாலைத் தொடர்ந்து கொடுத்தது.

பிறகு வந்தது 1972ஆம் ஆண்டின் வீடமைப்பு நிதிச் சட்டம். எட்வேர்ட் ஹீத்தின் கொன்சவேட்டிவ் அரசு கொண்டுவந்தது. சபை வீடுகளுக்கு எவ்வளவு வாடகை எண்டு அதுவரை அந்தந்தச் சபைதான் தீர்மானித்தது. புதுச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பறித்தது. ஒக்டோபரில் இருந்து கிழமைக்கு ஒரு பவுண் கூட்டச் சொன்னது. எதிர்ப்போம் எண்டு பல தொழிற்கட்சிச் சபைகள் முழங்கின. நாள் போகப் போக ஒவ்வொன்றாகப் பணிந்தன. கிளே குரொஸ் பணியவில்லை.

1973 ஜனவரியில் மாவட்டக் கணக்காய்வாளர் கணக்குப் பார்த்தார். கூட்டாத வாடகையால் வந்த நட்டம் 6,985 பவுண். அதைப் பதினொரு பேரும் சொந்தக் காசில் கட்ட வேண்டும் எண்டார். ஆளுக்கு 635 பவுண். வழக்கு உயர் நீதிமன்றத்திலும் பிறகு மேன்முறையீட்டிலும் தோற்றது. ஐந்து வருடம் பதவி வகிக்கவும் தடை. வாடகையை அறவிட அரசு ஒரு ஆணையாளரை அனுப்பிப் பார்த்தது. கூட்டிய வாடகையை அவராலும் வாங்க முடியவில்லை. வெற்றிடமான ஆசனங்களுக்குத் தேர்தல் வைத்தால், ஊர் திரும்பவும் தொழிற்கட்சியைத்தான் அனுப்பியது.

இவர்கள் செய்தது சரியா? 'வாடகையைக் கூட்டமாட்டோம் எண்டு சொல்லித்தான் வாக்குக் கேட்டோம்' என்பது அவர்களின் நியாயம். மறுபக்க நியாயத்தையும் தள்ள ஏலாது. ஒரு சபை தனக்குப் பிடிக்காத சட்டத்தை விடலாம் எண்டால், ஏழைகளுக்கு வீடு கட்டச் சொல்கிற சட்டத்தை இன்னொரு பணக்காரச் சபையும் விடலாம். எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் ஒரு விசயத்தில் எல்லாரும் உடன்படுறம்: வாக்குப்போட்ட ஊருக்கும் சட்டம் போட்ட பாராளுமன்றத்துக்கும் இடையில் உள்ளூர் உறுப்பினர் மாட்டுப்படும்போது, அந்த விலையை அவர் சொந்தச் சட்டைப்பையிலிருந்து கட்டவைப்பது நீதியில்லை. அந்தத் தண்டமுறையை இங்கிலாந்து 2000ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் கைவிட்டது. வாடகை விதியோ அதற்கு வெகு முன்னரே, 1975இல், தொழிற்கட்சி அரசால் மாற்றப்பட்டு, தீர்மானிக்கிற அதிகாரம் சபைகளிடம் திரும்பியது.

அதைப் பார்க்கக் கிளே குரொஸ் சபை உயிரோடு இல்லை. 1974 ஏப்ரல் 1ஆம் திகதி உள்ளூராட்சி மறுசீரமைப்பில் பழைய சபைகள் கலைக்கப்பட்டன; ஊர் வடகிழக்கு டார்பிஷயர் மாவட்ட சபைக்குள் போனது. இன்றைக்கும் அங்கே ஆட்சி இரண்டு அடுக்கு. பாடசாலை, வீதி, முதியோர் பராமரிப்பு மேல் அடுக்கான கவுண்டி சபையிடம். வீடமைப்பு, கட்டட அனுமதி, குப்பை சேகரிப்பு, சபை வரி அறவீடு மாவட்ட சபையிடம்.

நிலக்கரி ஊர்களின் இந்த மாவட்டம் என்றைக்கும் தொழிற்கட்சிக்குத்தான் எண்டு நினைத்தவர்களுக்கு 2019 அதிர்ச்சி கொடுத்தது: கொன்சவேட்டிவ் கட்சி சபையைப் பிடித்தது. 2023இல் தொழிற்கட்சி திரும்பப் பெற்றது. இதற்கிடையில், 2024 டிசம்பரில் பிரித்தானிய அரசு இரண்டு அடுக்கு முறையையே இல்லாமல் ஆக்கும் திட்டத்தை வெளியிட்டது. இந்த முறை திட்டத்தைக் கொண்டுவந்திருப்பது தொழிற்கட்சி அரசு. சபைகள் பெருக்க, குப்பைக்கும் வாடகைக்கும் பொறுப்பானவர் ஊரிலிருந்து இன்னும் தூரம் போவார். வாக்குக் கேட்டு வந்தவரின் வீட்டுக் கதவை நேரே போய்த் தட்டுகிற வசதி அந்த மக்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?