வித்தியாதானமும் யாழ்ப்பாணத்து உயர்கல்வியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்கள் வழியே செல்வோர் மடங்களையும் கேணிகளையும் சுமைதாங்கிகளையும் ஆவுரோஞ்சிக் கற்களையும் இன்றுங் காணலாம். இவை நம் முன்னோர் செய்த தருமங்கள். இவற்றின் பயன் கண்கூடு. மடத்தைக் கட்டியவன், வழிப்போக்கன் அதில் இளைப்பாறுவதைத் தன் கண்ணாலேயே கண்டு மகிழ்ந்தான். வித்தியாதானமோ அத்தகையதன்று. ஒரு மாணாக்கனுடைய படிப்புக்குப் பொருளுதவுபவன் அதன் பயனை எப்பொழுது, எவ்விடத்து, எவ்வுருவிற் காண்பான் என்பதை அறியான். காணாமலே போதலுங் கூடும். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஈந்த பொருள் எவ்வாறு நிலைபெறும், எவ்வாறு நிலைகுலையும் என்னும் வினாவுக்கு நம் நாட்டு வரலாறே விடை தருகின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். அவர்கள் பிள்ளைகளை விடுதியில் இருத்தி, உணவும் உடையும் அளித்துப் படிப்பித்தனர். அதற்கு வேண்டிய பணம் கடல் கடந்து வந்தது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள ஒரு குடும்பமோ, மாதர் சங்கமோ, திருச்சபையோ ஏற்றுக்கொள்ளும். ஏற்றவர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்கு இடப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆனல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களின் முற்பகுதி இவ்வழக்கத்தின் சுவடாகும். முகமறியாத ஒரு பிள்ளைக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பியவரின் ஈகையை நாம் மதித்தல் வேண்டும். அதே வேளையில், படிப்பின் பொருட்டு ஓர் ஏழைப் பிள்ளை தன் பெயரையும் சமயத்தையும் ஈடாக வைக்க நேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது.

1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எனப்பட்ட உயர் கலாசாலை நிறுவப்பட்டது. தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதம், வானநூல், தருக்கம், மெய்யியல் முதலியன அங்கே படிப்பிக்கப்பட்டன. ஆங்கிலத்தோடு தமிழும் ஆழமாகக் கற்பிக்கப்பட்டது. அக்கொடையின் பயன் மாணாக்கர் படிப்போடு நின்றுவிடவில்லை, ஆராய்ச்சியாகவும் விளைந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலைத் தமிழில் வெளியிட்டார். கறோல் விசுவநாதபிள்ளை வீசகணித நூலொன்றைத் தமிழில் ஆக்கினார். செமினரியின் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளியாயின. ஆன்மாவையும் மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்களையும் பற்றி நம் ஆசிரியர் கூறிய நுண்பொருள்கள் மேனாட்டறிஞர் கைக்கு எட்டியது இவ்வழியாலாகும். சைவத்தை வெல்லுதற்கென்று அளிக்கப்பட்ட பொருளே சைவ சித்தாந்தத்தை மேனாட்டுக்கு அறிமுகஞ் செய்தது.

இத்துணைச் சிறப்புடன் நடந்த செமினரி 1855இல் மூடப்பட்டது. மாணாக்கர் குறைந்தமையோ ஆசிரியர் இன்மையோ அதற்குக் காரணமன்று. ஆங்கிலங் கற்றவர் போதகராகாது அரசாங்க உத்தியோகத்தையும் பிற தொழில்களையும் நாடுகின்றனர் என்றும், சுதேச மொழியிற் போதகரைப் பயிற்றுதலே தக்கது என்றும் அமெரிக்கத் தலைமைச் சபையார் கருதினர். அச்சபையின் தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்து ஆராய்ந்த பின்னர்க் கலாசாலையின் கதவு அடைபட்டது. பணமும் பரிபாலனமும் ஒருங்கே பிறர் கையில் இருந்தமையின், கொடுத்தவர் நோக்கம் மாறியவுடன் கொடையும் நின்றது. கல்வியை விரும்பிய இவ்வூர் மக்களுக்கு அதனைக் காக்கும் உரிமை இருக்கவில்லை. பின்னர் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தபொழுது, பழைய மாணாக்கரும் உள்ளூரவரும் அதன் தோற்றத்திற்கு முன்னின்று உழைத்தனர் என்பது கருதத்தக்கது.

கலாசாலை மறைந்தும் அதன் வித்து அழியவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அதன் முதற் பட்டதாரிகளாய் விளங்கியோர் வட்டுக்கோட்டையிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமாவர். தாமோதரம்பிள்ளை தம் ஓய்வையும் பொருளையும் ஏட்டுச் சுவடிகளுக்கே ஈந்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1887இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் உயர்தரப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதனைச் சைவபரிபாலன சபையார் ஏற்று, 1890இல் வண்ணார்பண்ணைக்கு மாற்றினர். அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. அவர் மைந்தர் நெவின்ஸ் செல்வதுரை அக்கல்லூரியின் அதிபராய் நெடுங்காலம் பணியாற்றினார். கொடையாளி ஒருவர் தம் சமயம் பரவுதற்பொருட்டு ஈந்த பெயர் இந்துக் கல்லூரியின் அதிபர் வரிசையில் நிலைத்தது. கற்றவன் சிந்தனை கொடுத்தவன் வரைந்த எல்லைக்குள் அடங்காது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

இனி, உள்நாட்டார் செய்த வித்தியாதானத்தை நோக்குவாம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபொழுது, அவருக்குக் கடல் கடந்த பொக்கிஷம் எதுவும் இருக்கவில்லை. ஊரவர் உதவியே முதலாயிற்று. உலையில் இடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை வேறாக எடுத்து வைக்கும் பிடியரிசித் தருமம் சைவப் பாடசாலைகளின் வரலாற்றில் மதிப்புடைய இடம் பெற்றது. ஒரு பிடி அரிசி சிறிதேயாயினும், அதனை ஈந்த இல்லத்தரசி பாடசாலையைத் தன்னுடையதாக எண்ணினாள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் பெருஞ்செல்வத்தைக் கொண்டு 1913இல் பெண்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பால் ஊர்தோறும் பாடசாலைகளை எழுப்பிற்று.

1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது. ஆயினும், இருவகைக் கொடைகளும் பின்னர் ஒரே இடத்திற் சந்தித்தன. 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபொழுது, அதன் ஒரு பகுதி திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியிலும், விஞ்ஞானப் பகுதி வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியிலும் இடம் பெற்றன. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தம்முள் மாறுபட்ட இரு திறத்தார் கொடைகளும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நிழலாயின.

இன்று நம் முன் நிற்கும் தேவை யாது? முப்பதாண்டுப் போர் 2009இல் முடிந்தது. இடையில் 2004இல் ஆழிப்பேரலையும் வந்தது. இடிந்த வீடுகளை மீளக் கட்டலாம். இடிந்த மனங்களை அறிந்து ஆற்றுதற்கு அதற்கென ஒரு கல்வி வேண்டும். யாழ்ப்பாண மருத்துவ பீடத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் தமிழர் உள்ளத்தில் விளைந்த வடுக்களை ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். குண்டுகள் விழுந்த காலத்திலேயே இவ்வாராய்ச்சி நடைபெற்றது. அதனைத் தொடரவும், உளநூற் கருத்துகளைத் தமிழிற் கூறவும் வல்லவர் பலர் வேண்டும். பட்டத்தின் மேற்பட்ட படிப்பில் ஈடுபடும் வறிய மாணாக்கன் குடும்பச் சுமையாற் பாதிவழியில் திரும்புவானாயின், அந்நட்டம் அவனோடு முடிவதன்று.

பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்கள் தாய்க் கல்லூரிகளுக்கு மண்டபங்களும் வாயில்களும் அமைத்துத் தருகின்றனர். அவை போற்றத்தக்கனவே. அவை முன்னோர் கட்டிய மடத்தை ஒப்பன. பயன் கண்ணுக்குத் தெரியும். புலமைப் பரிசிலும் ஆராய்ச்சி நிதியும் கண்ணுக்குத் தெரியாத தருமங்கள். அவற்றை ஈவோர்க்கு நம் வரலாறு மூன்று நெறிகளை உணர்த்துகின்றது. முதலைக் கரைக்காது வட்டியைச் செலவிடும் நிதியே தலைமுறை தாண்டும். அதன் பரிபாலனம் கற்பிக்கும் ஊரில், கணக்கைப் பலரறியக் காட்டும் சபையிடம் இருத்தல் வேண்டும். இன்றேல் 1855 மீண்டும் வரும். பெறுபவனுடைய பெயரையோ சமயத்தையோ ஆராய்ச்சியின் முடிவையோ கொடுப்பவர் விலையாகக் கேட்டலாகாது.

கறோல், நெவின்ஸ் என்னும் பெயர்களை அனுப்பியவர்கள் வட்டுக்கோட்டையைக் கண்டவரல்லர். பிடியரிசி ஈந்த தாய்மாரின் பெயர்களை நாம் அறியோம். இருவரும் விதைத்ததை உண்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கடனைத் தந்தவர்க்குத் திருப்புதல் இனி இயலாது. வருபவர்க்கே செலுத்துதல் கூடும்.