திருமுக்கூடல் விளக்கும் நம் பிள்ளைகளின் இணையமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், நம் பழையசீவரத்திற்கு நேர் எதிர்க்கரையில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்றைக் காணலாம். கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணாக்கர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடைபெற்ற செய்தியை அது கூறுகிறது. கல்விக்கு என்னென்ன வேண்டும் என்பதை அதனை எழுதுவித்தோர் நன்கு அறிந்திருந்தனர். ஆசிரியர்க்கு ஊதியம் என்ற அளவில் நின்றுவிடாமல், மாணாக்கர்க்குச் சோறு, படுக்கப் பாய், சனிக்கிழமை நீராட எண்ணெய், இரவு விளக்கிற்கு எண்ணெய் என்று யாவற்றையும் கணக்கிட்டு ஒதுக்கினர்.

அங்குப் பயின்றவை வேதமும் இலக்கணமும் ஆகமமும். அவ்விளக்கொளியில் நம் முன்னோரின் பிள்ளைகள் அமர்ந்திலர் என்பதைத் தனியே கூறவேண்டுவதில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குடியாட்சியின் சிறப்பு என்று வகுப்பறையில் நாமே பாராட்டிக் கற்பிக்கிறோம். அங்கும் குடவோலையில் பெயர் இடம்பெற நிலமும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன என்பதை அடுத்த வரியிலேயே சேர்த்துச் சொல்வது ஆசிரியர் கடன்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே கதவு சிறிது திறந்தது. காஞ்சிபுரமும் உத்தரமேரூரும் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் நில ஆணை பிறந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் இருந்த பள்ளிகளுள் நம் பிள்ளைகள் நுழைய இயலாத நிலையில், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நிறுவியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அதுவே. பள்ளி எங்கே கட்டப்படுகிறதோ, அந்த இடமே யார் படிப்பார் என்பதை முடிவு செய்தது.

நம் சங்கம் தோன்றி வளர்ந்த இக்கால் நூற்றாண்டிலோ கல்விக்கு இடமே தேவையில்லை என்னும் பேச்சு எழுந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2011 செப்டம்பரில் மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. சாதி வேறுபாடின்றி, அரசுப் பள்ளியில் பயின்றவர் என்பதற்காகவே கணினி ஒன்று நம் குடிசைகளுக்குள் வந்ததை எளிய செய்தியாகக் கருதுதல் கூடாது. பல வீடுகளில் கதவுள்ள பீரோவை விட அதுவே முன்னதாக வந்தது! 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீட்டுக் கட்டங்கள் அச்சாயின. கைப்பேசியைக் காட்டினால் பாடம் காணொளியாக விரியும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது.

இவையெல்லாம் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது சோதனைக்கு வந்தன. 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு, இந்தியச் சிற்றூர்களில் நூற்றுக்கு 14.9 வீடுகளிலேயே இணைய வசதி உண்டு என்றும், கணினியுள்ளவை 4.4 மட்டுமே என்றும் கூறியிருந்தது. நம் குடியிருப்புகளில் நாம் கண்டதும் இதற்கு மாறன்று. வீட்டிற்கு ஒரு கைப்பேசி. அது தந்தையின் சட்டைப் பையில் வேலைக்குச் சென்றுவிடும். வகுப்பு காலை பத்து மணிக்கு. கைப்பேசி வீடு திரும்புவதோ இரவு எட்டு மணிக்கு. அதன் பின்னும் அண்ணனுக்கு முதலில், தங்கைக்குப் பிறகு. இருபத்தெட்டாம் நாள் ரீசார்ஜ் தீர்ந்தால், கூலி வரும் நாள் வரை பாடமும் நின்றது. கருவி கைக்கு வந்தது, எண்ணெய் வரவில்லை என்பதே உண்மை. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் இரண்டு ஜி.பி. தரவை அரசு இலவசமாக அளித்தது. நன்று, ஆயினும் அத்திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இடம்பெறவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலரைக் கொண்டு குடியிருப்பிலேயே மாலை வகுப்பு நடத்தியபோதுதான், இடமும் ஆளும் இன்றிக் கல்வி இல்லை என்பது மீண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இணையத்தை அணுகுதல் கல்வி உரிமையின் ஒரு கூறு என்று, விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இதனைப் படிக்கையில் இரட்டைமலை சீனிவாசனார் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் நம் நினைவிற்கு வருகிறது. பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்று அது கூறிற்று. சாலை சட்டத்தில் திறந்த நாள் ஒன்று, நம் மக்கள் அதில் நடந்த நாள் வேறொன்று.

இன்று இணையம் பாடம் கற்கும் வழி மட்டுமன்று, வாயிலும் அதுவே. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியே நடைபெறுகிறது. கல்வி உதவித்தொகைக்கும் அவ்வழியே விண்ணப்பிக்கவேண்டும். சான்றிதழைப் பதிவேற்றப் பிறர் கடையில் காத்து நின்று, யாரோ ஒருவர் விருப்பம்போல் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் பாடப்பிரிவு மாறிப்போனால், பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு வழிதவறும். விண்ணப்பத்தை மாணவரே நிரப்பக் கற்பிப்பது கணக்குப் பாடம் கற்பிப்பதைப் போன்றே இன்றியமையாதது.

ஆகவே நம் சங்கத்தின் மாலை வகுப்புக் கூடத்தில் இரண்டு கணினிகளும் இணைய இணைப்பும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை இருத்தல் வேண்டும் என்று நாம் கோருகிறோம். பெண் பிள்ளைகளுக்கு முதல் ஒரு மணி நேரம் உரியதாகட்டும். நேரம் மிகுமுன் அவர்கள் வீடு திரும்பலாம். மாதாந்தர இணையக் கட்டணத்தை வரவு செலவுத் திட்டத்தில் மின்கட்டணத்திற்கு அடுத்த இனமாக எழுதிவைக்க வேண்டும். நன்கொடை வரும் மாதத்தில் மட்டும் கட்டுவது என்று விட்டுவிட்டால், பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் அது நின்றுபோகும்.