கூரை காத்தவர்கள்

இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சினையே பாட்டுடைத் தலைவனாக்கி விடுகின்றனர். அதனைச் செப்பனிட்டு ஓடச் செய்த பணிமனைக்கு ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ராக்ஹில் என்னும் சிற்றூரில் உள்ள ஈஸ்ட் பிராட் டாப் பணிமனை அவ்வாறு மறக்கத்தக்கதன்று.

1870களில் நிலக்கரிச் சுரங்கங்களை நாடி இடப்பட்ட, மூன்றடி அகலமே உடைய குறும்பாதை அது. பணிமனைக் கூரையின்கீழ் நெடிய சுழல்தண்டு ஒன்று ஓடும். நீராவிப் பொறி ஒன்று அதனைச் சுழற்ற, தண்டிலிருந்து இறங்கும் வார்ப்பட்டைகள் கடைசல் இயந்திரங்களையும் துளைபொறிகளையும் இயக்கும். கொல்லுலையும் வார்ப்படச் சாலையும் அருகிலேயே இருந்தன. வெளியார் கையை எதிர்பாராது எஃகுச் சரக்குப் பெட்டிகளை அங்கேயே கட்டினர். 1927இல், வாங்கிய உறுப்புகளைக் கொண்டு தானியங்கிப் பயணப் பெட்டி ஒன்றையும் உருவாக்கினர்.

1956இல் பாதை மூடப்பட்டது. அதனை விலைக்கு வாங்கிய நிக் கோவல்சிக், பழைய இரும்பு வணிகர். உடைத்து எடைக்கு விற்றிருக்க வேண்டியவர், உடைக்காமலே விட்டுவைத்தார்! 1960இல் சுற்றுலா வண்டியும் விட்டார். 1964இல் நாட்டின் வரலாற்றுச் சின்னம் என்னும் மதிப்பும் அதற்குக் கிட்டியது. ஆயினும் மதிப்புப் பட்டயம் மழையைத் தடுக்குமா? பழைய மரக் கட்டடங்கள் கூரையிலிருந்தே அழியத் தொடங்கும். ஒழுகும் நீர் முதலில் மரத்தை உளுக்கச் செய்யும், பின்னர் கீழேயுள்ள இயந்திரத்தைத் துருவேற்றும்.

1983இல் தோன்றிய 'ஈஸ்ட் பிராட் டாப் நண்பர்கள்' என்னும் அமைப்பின் தொண்டர்கள் இவ்வழிவோடுதான் போராடினர். ஊதியமின்றி வந்து கூரை வேய்ந்தனர், உளுத்த மரங்களை மாற்றினர், சாளரங்களைச் செப்பனிட்டனர், பழைய பெட்டிகளைப் புதுக்கினர். எதனை மாற்றுவது, எதனை உள்ளவாறே விடுவது என்பது அவர்கள் முன்னிருந்த கடினமான வினா. சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்பவர்க்கு இது புதிதன்று. செல்லரித்த இடத்தில் தம் சொல்லைப் பெய்துவிடும் ஆசை எத்துணை வலிது என்பதை நான் பாடஞ்சொல்லும்போதெல்லாம் மாணவர்க்கு எச்சரிப்பதுண்டு. பணிமனையிலோ, விட்டம் முரிந்தால் புதிய மரம் பெய்தேயாக வேண்டும். இல்லையேல் சுழல்தண்டும் உடன் வீழும். இவ்வகையில் அவர்கள் பணி நம் பணியினும் அரிது.

2011க்குப் பின் சுற்றுலா வண்டியும் நின்றது. காண வருவோர் அருகிய அவ்வாண்டுகளிலும் தொண்டர்கள் வருவதை நிறுத்தவில்லை. இவ்வொன்றே அவர்களை நான் மதிக்கப் போதுமான காரணம். 2020இல் அறக்கட்டளை ஒன்று பாதையை வாங்கியது. 1956க்குப் பின் ஒருமுறையும் ஓடாதிருந்த 16ஆம் எண் எஞ்சின் 2023இல் மீண்டும் நீராவி கக்கிப் புறப்பட்டது. மக்கள் திரண்டு வந்து அதனையே படமெடுத்தனர். பின்னால் நின்ற கட்டடங்களின் கூரைகளும் அப்படங்களில் விழுந்திருக்கக்கூடும்.